வலைக்குள் தக்காளி: கத்திரி வெயிலில் காய் பிடிக்குமா?

மாடிமல்லி (மதுரை)

வணக்கம். மொட்டை மாடியில் பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். மாசியில் நட்டது. பங்குனி கடைசியில் இலை ஓரம் கருகியதால் பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டினேன். 75 சதவீத வலை. "மதுரை வெயிலுக்கு இதுதான் தாங்கும்" என்று கடையில் கொடுத்தார்கள். கருகல் நின்றது, அது உண்மை. ஆனால் செடி என் உயரத்துக்குப் போய்விட்டது, தண்டு மட்டும் பென்சில் கனம். பூ கொத்துக் கொத்தாக வருகிறது, இரண்டு நாளில் காம்பு மஞ்சளாகி உதிர்கிறது. பூ நிற்கட்டும் என்று தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வைத்தது), மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊறவைத்தது) எல்லாம் தெளித்தாயிற்று.

கூடவே இரண்டு செடியில் நுனி இலை சுருண்டு குட்டையாக நிற்கிறது. இலையைத் தட்டினால் வெள்ளை ஈ பறக்கிறது. வலை போட்ட பிறகும் அது எப்படி உள்ளே வந்தது? வலையை மாற்றவா, கரைசலை மாற்றவா?

பாலக்கோட்டான் (தருமபுரி மாவட்டம்)

அக்கா, முதலில் இதைச் சொல்லுங்கள். வலையின் பக்கவாட்டு திறந்திருக்கிறதா? உயரம் என்ன? என்ன ரகம்?

மாடிமல்லி

நான்கு பக்கமும் மூடியிருக்கிறது, குரங்குத் தொல்லை. உயரம் ஏழடி இருக்கும். பாதிச் செடி பி.கே.எம். 1. மீதி பக்கத்து வீட்டில் கொடுத்த நாட்டுத் தக்காளி, பெயர் தெரியாது. பூ கொட்டுவதில் இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன.

கோடம்பாக்கம்_கொத்தமல்லி

மே மாதம் மதுரையில் மனிதனே உதிர்கிறான், பூ உதிராதா? பதில் தெரியாது, சும்மா உட்கார்ந்து கேட்கிறேன்.

பச்சையம் (கோவை)

கொத்தமல்லி விளையாட்டாகச் சொன்னதில்தான் பாதி விடை இருக்கிறது.

தக்காளிக்குக் காய் பிடிப்பதில் பகல் வெயிலைவிட இரவின் சூடு பெரிய விஷயம். இரவு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். 21, 22 தாண்டும்போது காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். 25க்கு மேல் போனால் பெரும்பாலான ரகங்கள் பூத்துப் பூத்து உதிர்த்துக்கொண்டே இருக்கும். மதுரையில் மே மாதம் விடியற்காலையில்கூட சராசரியாக 26 டிகிரி இருக்கும். அதிலும் மொட்டை மாடி. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கும். நான்கு பக்கமும் வலை போட்டு மூடினால் அந்தச் சூடு வெளியேறுவதும் தாமதமாகும். நிழல்வலை என்பது பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே வேலை செய்கிற பொருள். ராத்திரிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இன்று விரிகிற பூ இன்றைய வெயிலால் கெடுவதில்லை. பூ விரிவதற்குச் சுமார் 8 முதல் 13 நாள் முன்பு, மொட்டு மிகச் சின்னதாக இருக்கும்போதே மகரந்தம் உள்ளே உருவாகிறது. அந்த நேரத்துச் சூட்டில்தான் அது மலடாகிறது. ஒரு மழை பெய்து குளிர்ந்த மறுநாளே காய் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். பத்து நாள் கழித்து வருகிற பூவில்தான் அந்த மழையின் பலன் தெரியும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? நன்றாக விரிந்த ஒரு பூவை எடுத்து உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கும், மகரந்தப் பைகள் ஒன்றாக ஒட்டியது. பூவின் பெண் பாகத்தின் நுனியான சூல்முடி அந்தக் கூம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். சூட்டில் அது நீண்டு கூம்புக்கு வெளியே குண்டூசித் தலை மாதிரி எட்டிப் பார்க்கும். அப்படி ஆனால் மகரந்தம் அதன் மேல் விழ வழியில்லை, தேமோரோ மீன் அமிலமோ எதைத் தெளித்தாலும்.

இரண்டாவது உங்கள் வலை. உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். 75 சதவீத வலை போட்டால் செடிக்குக் கிடைப்பது 25,000. தக்காளி முழு வெயில் பயிர். இந்த வெளிச்சத்தில் அது மேலே மேலே எட்டிப் போகும், பூவுக்கு அனுப்பச் சர்க்கரை இருக்காது, அதனாலும் உதிர்க்கும். ஆக, சூட்டால் பாதி, இருட்டால் பாதி. 35 சதவீத வலை போதும், 50 என்பது மேல் எல்லை. 75 சதவீதம் வெற்றிலைக்கும் அந்தூரியத்துக்கும் கட்டுகிற வலை.

பாலக்கோட்டான்

வெளிச்சக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். வலை நிறத்தையும் பாருங்கள். பச்சை வலை கண்ணுக்குக் குளிர்ச்சி, செடிக்கு அப்படி ஒன்றும் இல்லை. வெள்ளை வலை வெளிச்சத்தைச் சிதறடித்து உள்ளே அனுப்பும், கீழ் இலைக்கும் எட்டும். அதோடு, நாள் முழுக்கக் கட்டி வைக்காதீர்கள். மேற்குப் பக்கமும் உச்சியும் மட்டும் மறைத்தால் போதும். கம்பியில் வளையம் போட்டுத் திரைச்சீலை மாதிரி இழுத்து விடுங்கள். மாலை நான்கு மணிக்குச் சுருட்டிவிட்டால் ராத்திரி வானம் பார்த்துச் செடி ஆறும்.

கான்கிரீட் மேல் பையை நேரே வைக்க வேண்டாம். நான்கு செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு வையுங்கள். வேர் சூடேறினால் இலைக்குத் தண்ணீர் போகாது, காயின் அடி கறுத்து அழுகுகிறதே, அதற்கும் இதுதான் ஆரம்பம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று போனால் அது காய்க்குப் போய்ச் சேராது.

நாத்துக்கடை (ராயக்கோட்டை)

வெள்ளை ஈ எப்படி வந்தது என்ற கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்களே. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. நிழல்வலை வேறு, பூச்சிவலை வேறு. நிழல்வலையின் ஓட்டையில் வெள்ளை ஈ குடும்பத்தோடு போய் வரும். அதைத் தடுக்க மெஷ் கணக்கில் விற்கிற வெள்ளை நைலான் வலை வேண்டும். மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் என்பது. 40 மெஷ்ஷில் ஒரு கண்ணின் அகலம் சுமார் 0.4 மில்லிமீட்டர், 50 மெஷ்ஷில் சுமார் 0.27. வெள்ளை ஈயின் உடம்பு அகலம் கால் மில்லிமீட்டர் அளவு. அதனால் 40 மெஷ் நிறையத் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. 50 ஏறக்குறைய அடைத்துவிடும். இலைப்பேன் அதைவிட ஒல்லி, 50 மெஷ்ஷிலும் நுழையும். மொட்டுக்கருகல் வைரஸைக் கொண்டுவருவது இலைப்பேன்தான். அதற்கு வலையை மட்டும் நம்பிப் பயனில்லை.

பெரிய பூச்சிகளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும், 2014இல் மகாராஷ்டிராவில் முதலில் பிடிபட்டு இந்தப் பக்கம் இறங்கிய ஊசிப்புழுவின் அந்துப்பூச்சியும் 40 மெஷ்ஷில் நிச்சயம் நிற்கும்.

நாங்கள் 98 குழி உள்ள குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு போட்டு, பூச்சிவலைக் குடிலுக்குள் 25 நாள் வளர்த்துத்தான் நாத்து கொடுக்கிறோம். இரட்டைக் கதவு. முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறக்கக் கூடாது. அதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது.

மாடிமல்லி

ஆக, நான் கட்டியிருக்கும் வலை வெயிலையும் தேவைக்கு மேல் மறைக்கிறது, பூச்சியையும் தடுக்கவில்லை. குரங்கைத் தடுக்க மட்டும் உதவுகிறது. சரி, அப்படியானால் 50 மெஷ் வலையை வாங்கி நான்கு பக்கமும் கட்டிவிடலாமா?

பச்சையம்

கட்டலாம், ஆனால் விலை ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும். கண் சின்னதாகச் சின்னதாகக் காற்று நுழைவது குறையும். உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடும், ஈரப்பதமும் ஏறும். இஸ்ரேலில் 1990களிலிருந்து, வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருள் வைரஸுக்கு எதிராக 50 மெஷ் கட்டுகிறார்கள். அங்கேயும் தலைவலி காற்றோட்டம்தான். அதற்காகக் குடிலை உயரமாகக் கட்டுவார்கள். சூடான காற்று மேலே போய் நிற்க இடம் வேண்டும். ஏழடிக் கூண்டில் அது செடியின் தலை மேலேயே நிற்கும்.

பெட்டிக்கணக்கு (ஒட்டன்சத்திரம்)

மாடித்தோட்டக்காரர்கள் பேசுங்கள், தப்பில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது விவசாயி வலைக்குடில் போடக் கிளம்பினால் அவருக்காக இதை எழுதுகிறேன்.

அரசுக் கணக்கில் நிழல்வலைக் குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 710 ரூபாய் என்று வைத்து, பாதி 355 மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 4000 சதுர மீட்டர் வரை, ஏறக்குறைய ஒரு ஏக்கர். மொத்தம் 28 லட்சத்து 40 ஆயிரம். பாதி போக உங்கள் கையிலிருந்து 14 லட்சத்து 20 ஆயிரம். அதே ஒரு ஏக்கர் தக்காளி திறந்தவெளியில் குச்சி நட்டு, சொட்டுநீர், மண்ணை மூடுகிற நிலப்போர்வைத் தாள் எல்லாம் போட்டாலும் செலவு இதன் கிட்டேகூட வராது. சந்தையில் 14 கிலோ பெட்டி போகிற விலையை நான் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் போய், சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிய வருஷங்கள் வயலில் இருப்பவனுக்கு மட்டும்தான் ஞாபகம். வலைக்குள் விளைந்த தக்காளிக்கு வியாபாரி ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவானா?

எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குடில் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் மெல்லிசு வலையாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது ஆடிக் காற்றுக்கே கிழிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்

அண்ணா சொல்வதில் பணக் கணக்கு சரி. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களுக்குள் போய்ப் பாருங்கள். ரோஜா இருக்கும், குடைமிளகாய் இருக்கும். தக்காளி அரிது. யாருக்கும் தெரியாமல் இல்லை, கட்டுப்படி ஆகாது என்று தெரிந்துதான்.

ஆனால் வலையே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். எங்கள் ஊரில் இலைச்சுருளில் காடு முழுக்கக் குட்டையாகி நின்றதைப் பார்த்தவன் நான். நட்ட முதல் மாதத்துக்குள் அந்த வைரஸ் ஏறினால் அந்தச் செடியில் காய் கிடைக்காது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். அதே வைரஸ் காய் பிடித்த பிறகு வந்தால் நுனி சுருளும், கீழே இருக்கிற காய் பழுத்து வந்துவிடும். அதனால் காவல் வேண்டியது முதல் ஐம்பது, ஐம்பத்தைந்து நாள்தான். நாத்தங்காலில் 25 நாள், நட்டபின் ஒரு மாதம். அதற்கு 14 லட்சம் எதற்கு?

பெட்டிக்கணக்கு

தம்பி, நட்டபின் ஒரு மாதம் என்றால் அந்த ஒரு மாதம் காட்டை எதை வைத்து மூடுவாய்?

பாலக்கோட்டான்

பயிர்ப்போர்வை அண்ணா. 17 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 17 கிராம்) நெய்யாத துணி, கொசுவலையைவிட லேசு. தர்பூசணிக்கும் மிளகாய்க்கும் போடுகிறார்களே, அதேதான். பாத்தியின் குறுக்கே வளைவுக் கம்பி குத்தி, மேலே விரித்து, இரண்டு ஓரமும் மண் அணைத்துவிடுவது. உள்ளே சொட்டுநீர்க் குழாய் ஓடும். செடி போர்வையை முட்டும்போது, அல்லது முதல் பூ தெரியும்போது எடுத்துவிட வேண்டும். வெள்ளை ஈ, இலைப்பேன் இரண்டும் நுழைய முடியாது, ஏனென்றால் அதில் கண்ணே இல்லை. குறை என்னவென்றால், சித்திரை வெயிலில் உள்ளே வெந்துவிடும். ஆடிக்கு அப்புறம் நடுகிற பயிருக்கு நன்றாகச் சேரும்.

எடுத்த பிறகு மஞ்சள் ஒட்டுப்பொறி, வெள்ளி நிறம் மேலே வருகிற மாதிரி நிலப்போர்வை. அந்த மினுக்கத்தில் வெள்ளை ஈயும் இலைப்பேனும் இறங்கத் தடுமாறும். காய்ப்புழுவுக்குப் பழைய வழி: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. செண்டுமல்லி நாத்து 45 நாள் வயது, தக்காளி நாத்து 25 நாள் வயது. அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும், அந்துப்பூச்சி செண்டுமல்லியில் போய் முட்டை வைக்கும்.

நாத்துக்கடை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வரப்பில் இருக்கிற துத்தியையும் மணத்தக்காளியையும் அப்படியே விட்டுவிட்டுக் காட்டுக்குப் போர்வை போடுகிறவர்கள் உண்டு. வெள்ளை ஈக்கு அவை சத்திரம். அறுவடை முடிந்த பழைய தக்காளிச் செடியைப் பிடுங்காமல் பக்கத்திலேயே புதிதாக நடுவதும் அதே தப்புதான்.

வளைகுடா_வாழை (மஸ்கட்)

இங்கேயிருந்து ஒரு பார்வை. ஓமானில் ஜூன், ஜூலையில் பகல் 40ஐத் தாண்டும், ராத்திரி 30. வலைக்குடில், விசிறி, காற்றைக் குளிர்விக்கிற ஈரத்திண்டு எல்லாம் வைத்திருக்கிற பெரிய பண்ணைகள் வேறு கதை. வீட்டில் வைக்கிற எங்களைப் போன்றவர்கள் கோடையில் தக்காளி பக்கம் தலை வைப்பதில்லை. செப்டம்பரில் விதை, அக்டோபரில் நடவு, டிசம்பரிலிருந்து மார்ச் வரை பழம். மே வந்தால் பையைக் கவிழ்த்து மண்ணைக் காய வைத்துவிடுவோம். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு மாதமும் தக்காளி காய்க்க வேண்டும் என்று தோன்றுகிறது?

மாடிமல்லி

ரசம் பன்னிரண்டு மாதமும் வைக்கிறோமே!

சுன்னாகத்தான் (யாழ்ப்பாணம்)

எங்கடை பக்கமும் இதே வழக்கம்தான். மாரி மழை ஓயும் தறுவாயில் கன்று நட்டு, தை, மாசியில் பழம் ஆய்வோம். செம்மண், கிணற்றுத் தண்ணீர். கடும் மழைக்குள் நட்டால் வாடல் வந்து ஒரே நாளில் செடி படுத்துவிடும், அதற்கு எந்த வலையும் காவல் இல்லை, அது மண்ணுக்குள் இருக்கிற பக்டீரியா. போன போகம் கத்தரி வைத்த நிலத்தில் இந்தப் போகம் தக்காளி வைக்கக் கூடாது என்று அப்பு சொல்லுவார். இரண்டும் ஒரே குடும்பம்.

பச்சையம்

அப்பு சொன்னது சரி. ஆனால் அந்த ஒரே குடும்பம் என்பதை வைத்தே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருக்கிறார்கள். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம், வாடலைத் தாங்குகிற கத்தரிச் செடியின் வேர்மேல் தக்காளியை ஒட்டுக் கட்டி, மழைக்காலச் சூட்டிலும் வெள்ளத்திலும் வளர்க்கிற முறையைப் பரப்பியது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலும் கத்தரி வேர் தாங்கும், தக்காளி வேர் தாங்காது. அதோடு மேலே பிளாஸ்டிக் கூரை, பக்கவாட்டு திறந்தது. மழை இலைமேல் விழாமல் இருந்தாலே கருகல் நோய் பாதி குறையும்.

தோபாயோ_தோட்டம் (சிங்கப்பூர்)

நான் ஒரு எதிர்க்கட்சி. எங்களுக்குக் குளிர்காலமே கிடையாது. வருஷம் முழுக்க ராத்திரி 25, 26 டிகிரி. உங்கள் கணக்குப்படி இங்கே ஒரு தக்காளிகூடக் காய்க்கக் கூடாது. ஆனால் அடுக்குமாடி வீட்டு நடைபாதை ஓரத்தில் செர்ரித் தக்காளி காய்க்கிறது. பெரிய பழ ரகங்கள் எனக்கு ஒருமுறையும் சரியாக வரவில்லை.

பச்சையம்

உங்களுடையது எதிர்க்கட்சி இல்லை, கூட்டணி. சூட்டில் காய் பிடிக்கிற திறன் ரகத்துக்கு ரகம் மாறும். சின்னப் பழ ரகங்கள் பொதுவாக முன்னே நிற்கும். இன்னொரு காரணம், உங்கள் ஊரில் பகல் 32, 33க்கு மேல் போவது குறைவு. மதுரையில் ராத்திரி 26 மட்டும் இல்லை, பகல் 40ம் சேர்ந்து அடிக்கிறது.

ரகம் பற்றி ஒன்று. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்குகிற கலப்பினம். பெரியகுளத்துப் பி.கே.எம். 1 நம் சூட்டுக்குப் பழகியது, ஆனால் இலைச்சுருளைத் தாங்காது. நோய் தாங்குகிற ரகம் வேறு, சூடு தாங்குகிற ரகம் வேறு. விதைப் பாக்கெட்டில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருப்பார்கள்.

கோடம்பாக்கம்_கொத்தமல்லி

இதுவரை சும்மா கேட்டேன், இப்போது ஒரு சந்தேகம். வலை மூடினால் தேனீ எப்படி வரும்? கையால் மகரந்தம் தடவ வேண்டுமா?

பாலக்கோட்டான்

தக்காளிக்குத் தேனீ கட்டாயம் இல்லை. ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கிறது, அசைந்தால் போதும். வெளியே அந்த வேலையைக் காற்று செய்கிறது. மூடிய வலைக்குள் காற்று குறைவு, அதனால் நாம் ஆட்ட வேண்டும். காலை 10 மணிக்கு மேல், பனி காய்ந்தபின், கயிறு கட்டிய கம்பியை ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். மாடியில் நாலு செடி என்றால் பழைய மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பின் பின்னால் ஒரு நொடி வைத்தால் மகரந்தம் பொடியாகக் கொட்டுவது கண்ணுக்கே தெரியும்.

பச்சையம்

வெளியே காற்று மட்டும் இல்லை, வண்டும் உண்டு. கருவண்டு என்கிறோமே, மரத்தைத் துளைக்கிற அந்தப் பெரிய கறுப்புத் தேனீ, அப்புறம் வயிற்றில் நீலக்கோடு போட்ட சின்னத் தேனீ, இரண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டு மகரந்தத்தை உதறும். கூட்டில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தேன்பெட்டியை வலைக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. கடலோரம் உள்ளவர்கள் வலைக்குள் தண்ணீரைப் பனிபோல் தூவுகிற தெளிப்பான் போட்டுக் குளிர்விக்க நினைக்காதீர்கள். சென்னை, தூத்துக்குடிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருக்கிறது, தெளித்த தண்ணீர் ஆவியாகிச் சூட்டை இழுக்காது. ஈரத்தில் மகரந்தம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு உதிராது. வறண்ட காற்று உள்ள உள்மாவட்டங்களில் பகல் நேரத்துக்கு மட்டும் இது வேலை செய்யும்.

சேலத்து_மாம்பழம்

குறுக்கே வருகிறேன். எனக்குக் காய் பிடித்துவிட்டது, ஆனால் பழம் சிவக்கவே மாட்டேன் என்கிறது. ஆரஞ்சாகவே நின்று, காம்பைச் சுற்றி மஞ்சள் தோள். இதற்கும் சத்துக் குறைபாடா?

பச்சையம்

பெரும்பாலும் வெயில். தக்காளிக்குச் சிவப்பு கொடுக்கிற லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் உருவாகத் தடுமாறும். மஞ்சள் கொடுக்கிற கரோட்டின் அதற்கு மேலும் உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஆரஞ்சு. பழத்தின் மேல் நேரடி வெயில் படும்போது காற்றின் சூட்டைவிடப் பழத்தின் சூடு பல டிகிரி கூடும். அங்கேதான் 35 சதவீத வலை தன் கூலியைச் சம்பாதிக்கிறது. செடியில் பழுக்கட்டும் என்று விடாமல், அடியில் லேசாக நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் பரப்புங்கள். வெயில் படுகிற ஜன்னலில் வைக்க வேண்டாம். கீழ் இலைகளைச் சுத்தம் என்ற பெயரில் மொட்டையடிக்காதீர்கள், அதுதான் பழத்துக்குக் குடை.

பெட்டிக்கணக்கு

சரி, இவ்வளவு பேசியதில் எனக்கு ஒன்று ஒப்புதல். நாத்துக்கு வலை வேண்டும், முதல் மாதத்துக்குப் போர்வை போட்டுப் பார்க்கலாம். ஆனால் "வலைக்குள் கோடைத் தக்காளி" என்று விளம்பரம் செய்து விற்கிறவனை நம்பமாட்டேன். கோடையில் விலை கிடைப்பதே சமவெளியில் காய் பிடிக்காததால்தான். ஓசூர், கோலார், மதனப்பள்ளி மேட்டில் ராத்திரி குளிர்கிறது, அவர்கள் அனுப்புகிறார்கள். அந்த மேட்டை வலை போட்டு இங்கே கொண்டுவர முடியுமா?

பாலக்கோட்டான்

முடியாது அண்ணா. எங்கள் ஊரிலேயே சித்திரையில் தடுமாற்றம்தான்.

மாடிமல்லி

பச்சையம் சொன்னபடி பூவைப் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பூவில் அந்தக் குண்டூசித் தலை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது. படம் போட முயன்றேன், கேமராவில் மஞ்சளாக மட்டும்தான் தெரிகிறது. 75 சதவீத வலையை அவிழ்த்து, கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூரையாகக் கட்டிவிட்டேன். சுருண்ட இரண்டு செடியையும் பிடுங்கி மூடிய பையில் போட்டாயிற்று. மற்றச் செடிகளை என்ன செய்வது? பிடுங்கவும் மனம் இல்லை.

பச்சையம்

தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்யலாம், ஆனால் வெள்ளை ஈ ஏற்கெனவே உள்ளே இருப்பதால் நான் வைத்திருக்க மாட்டேன். பிடுங்கிவிட்டு, அந்தப் பைகளில் இப்போது வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். மூன்றும் வெயிலைச் சிரித்துக்கொண்டே தாங்கும். வெண்டையிலும் வெள்ளை ஈ வரும், அதற்கு மட்டும் மஞ்சள் அட்டை கட்டுங்கள்.

தக்காளிக்கு மதுரைக் கணக்கு: புரட்டாசித் தொடக்கத்தில் விதை, ஐப்பசியில் நடவு, கார்த்திகையில் பூ. அப்போது ராத்திரி 22க்கு வரும், மார்கழியில் இன்னும் இறங்கும். தை, மாசியில் பழம்.

மாடிமல்லி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, தக்காளிக்கு அது வேண்டாமா?

பச்சையம்

ஆடியில் விதைத்தால் பூ புரட்டாசியில் வரும். மதுரையில் அப்போதும் ராத்திரி 24, 25. பாலக்கோட்டில் ஒத்துவரும், உங்களுக்குச் சந்தேகம். ஆடிப்பட்டத்தை அவரைக்கும் கத்தரிக்கும் விடுங்கள். ஐப்பசி மழை இலைமேல் அடிக்காமல் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் சரிவாகக் கட்டுங்கள், பக்கவாட்டு திறந்திருக்கட்டும்.

மாடிமல்லி

நாத்துக்கு 50 மெஷ் வலை சின்னதாக ஒரு பெட்டிபோல் தைத்துக்கொள்கிறேன், பழைய கொசுவலைச் சட்டம் இருக்கிறது. நட்டபின் ஒரு மாதம் பைகளுக்கு மேலே அதையே கவிழ்த்துவிடலாம் அல்லவா?

நாத்துக்கடை

தாராளமாக. அடிப்பக்கம் இடைவெளி இல்லாமல் தரையோடு உட்கார வேண்டும், ஓரத்தில் மணல் பை வையுங்கள். பூ தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு மஞ்சள் அட்டை தொங்கட்டும், ஈ நுழைந்திருந்தால் அது முதலில் சொல்லிவிடும். நாத்து வெளியில் வாங்குவதாக இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், எங்கள் கடையாக இருந்தாலும்.

கோடம்பாக்கம்_கொத்தமல்லி

குரங்குக்கு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை.

பாலக்கோட்டான்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் சார். அது தக்காளியைவிடப் பெரிய பிரச்சினை.